கடையில் வாங்கிய கிளிமரமும் கொல்லைக் கொய்யாவும்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டில் ஒன்பது வயதான ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. முத்து என்று பெயர் வைத்திருக்கிறோம். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் கூண்டுக்கு வெளியே இருப்பது அதன் வழக்கம் என்பதால், ஏறி விளையாடுவதற்கான மரம் ஒன்றை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள செல்லப்பிராணிப் பொருள் கடை ஒன்றில் 3,200 ராண்ட் கொடுத்துச் சென்ற ஆண்டு வாங்கினோம். இன்று அந்த மரத்தில் கடையிலிருந்து வந்தவையாக எஞ்சியிருப்பவை அடித்தளமும் எச்சத் தட்டும் நான்கு சக்கரங்களும் மட்டுமே. மற்ற அனைத்தும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் கொல்லையிலும் சந்தையிலும் கிடைத்தவற்றைக் கொண்டு நாங்களே செய்தவை. இதே பொருளை வாங்க எண்ணுபவர்கள் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவுசெய்ய இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அடித்தளம் 60 சென்டிமீட்டர் சதுரம், கனமானது. அரைக் கிலோ எடையுள்ள பறவை ஓரக் கிளையில் தாவி இறங்கினாலும் அசைவதில்லை. எஃகுத் தட்டு இழுத்துக் கழுவ வசதியாக இருக்கிறது. சக்கரங்களில் பூட்டும் வசதி உண்டு. இந்தப் பகுதியைக் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறைகள் கிளைகளில் தொடங்கின. கிளை என்று கடையில் சொல்லப்பட்டவை, கடைசல் இயந்திரத்தில் உருட்டி வார்னிஷ் பூசப்பட்ட பைன் மரக் கம்புகள். ஏழும் ஒரே பருமன், ஒரே வழவழப்பு. கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்திருக்கின்றன. மேடும் பள்ளமுமாக, பருமன் மாறி மாறி வரும் இயற்கையான கிளையில் நடக்கும்போது உடலின் பாரம் பாதத்தின் வெவ்வேறு இடங்களில் மாறி மாறி விழுகிறது. ஒரே அளவுள்ள கம்பில் நாள்தோறும் நிற்கும் பறவைக்கோ அதே இரண்டு மூன்று இடங்களிலேயே அழுத்தம் விழுந்து, பாதத்தின் தோல் தேய்ந்து பளபளப்பாகி, சிவந்து, கவனிக்காமல் விட்டால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும் நிலை வரைக்கும் போகிறது. முத்துவின் இடது பாதத்தில் ஐந்தாம் மாதத்தில் அந்தப் பளபளப்பைக் கண்டேன். பறவை மருத்துவரிடம் காட்டியபோது, அவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. கம்புகளை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதைவிடக் கவலை தந்தது உலோகம். கம்புகளைப் பிணைத்திருந்த திருகாணிகளும் பொம்மைகளைத் தொங்கவிடும் கொக்கிகளும் துத்தநாகப் பூச்சுக் கொண்டவை. சாம்பல் கிளி எதையும் நாவால் தொட்டு, அலகால் கடித்து, திருகிப் பார்த்த பின்பே விடும். அப்படிச் சுரண்டப்படும் பூச்சு வயிற்றுக்குள் போனால் துத்தநாக நஞ்சாகிறது. வாந்தி, அடங்காத தாகம், சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள், உயிரையும் பறிக்கக்கூடியது. உடன் வந்த மணியோ கீழ்ப்புறம் பிளவு விட்ட உருண்டை மணி. விரல் நுனியோ அலகோ அந்தப் பிளவில் சிக்கிக்கொள்ளும் என்பதால் முதல் நாளே கழற்றிவிட்டேன். பருத்திக் கயிறு மூன்றாம் மாதத்தில் நூல் நூலாகப் பிரிந்தது. பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கும். விழுங்கினால் தீனிப்பையை அடைத்துவிடும். சாம்பல் கிளிகளைக் கூண்டில் பெருக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புவதில் முன்னணியில் இருந்துவரும் நாடு தென்னாப்பிரிக்கா. காட்டுச் சாம்பல் கிளிகளின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய 2016ஆம் ஆண்டு சைட்டீஸ் (அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு முடிவெடுத்ததும் இங்கே ஜோகன்னஸ்பர்க்கில்தான். அத்தகைய நாட்டில், பறவையின் காலையும் வாயையும் நினைத்துப் பார்க்காமல் செய்த பொருள் இந்த விலைக்கு விற்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

மாற்றுக் கிளைகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கொய்யா. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கொய்யா, நட்டவர் இல்லாமலேயே வேலியோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் தானாகப் பரவிக் கிடக்கிறது. எங்கள் கொல்லையிலும் மாமனார் காலத்து மரம் ஒன்று நிற்கிறது. மரம் கெட்டியானது, பட்டை நஞ்சற்றது, கிளைகள் இயல்பாகவே கோணலும் கவையுமாக வளர்பவை. முத்துவின் விரல்கள் முக்கால் பங்கு சுற்றிப் பிடிக்கும் அளவை நடுவாக வைத்துக்கொண்டு, இரண்டரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரையிலான பருமனில் ஒன்பது கிளைகளை வெட்டினோம். மருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வெட்டிய கிளைகளைத் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவி, கொதிநீரை ஊற்றி, வெயிலில் உலர்த்தினோம். டர்பனின் ஈரக்காற்றில் நன்றாகக் காய மூன்று வாரம் ஆயிற்று. அவசரப்பட்டு ஈரத்தோடு பொருத்தினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கொல்லையில் நிற்கும் எல்லா மரமும் ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையும் பட்டையும் பழமும் கிளிக்கு நஞ்சு. பூசைக்குப் பறிக்கும் அரளி இன்னும் கொடியது. வேம்பின் சாயலில் இருப்பதால் பலரும் வேம்பு என்றே நினைத்துக்கொள்ளும் சிரிங்கா மரமும் கூடாது. அதன் மஞ்சள் காய்கள் நச்சுத்தன்மை உள்ளவை. வேலிக்கு விற்கப்படும் பச்சை நிறம் ஏறிய கம்பங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றப்பட்டிருக்கும் என்பதால் அவற்றைப் பறவைக்கு அருகில் கொண்டுவரவே கூடாது.

பிணைப்புக்கு வேண்டிய மரையாணிகளையும் வளையங்களையும் துறைமுகத்தை ஒட்டிய படகுச் சாமான் கடையில் வாங்கினேன். உப்பு நீரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் உரிந்து போகத் துத்தநாகப் பூச்சு இல்லை. மொத்தம் 460 ராண்ட் ஆயிற்று. புதிய மரத்துக்கு நாங்கள் செய்த பெரிய செலவு இது ஒன்றுதான்.

விளையாட்டுப் பொருள்களில்தான் வீட்டுத் தயாரிப்பு கடையை முழுமையாக வென்றது. காட்டில் கிளிகள் பகலின் பெரும்பகுதியை உணவைத் தேடுவதிலும், தோலை உரிப்பதிலும், ஓட்டை உடைப்பதிலும் செலவிடுகின்றன. அந்த வேலை பறிபோன பறவை தன் இறகையே பிடுங்கத் தொடங்கிவிடக்கூடும். ஆகவே பொம்மை என்பது அழகுப் பொருளாக இராமல் அழிக்கத்தக்க பொருளாக இருக்க வேண்டும். இங்கு எல்லோரும் மீலி என்று சொல்லும் மக்காச்சோளத்தின் உலர்ந்த தோலில் இரண்டு பாதாம் பருப்பை வைத்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், முத்து அதைப் பிரித்து முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்திலுள்ள பங்களாதேஷ் சந்தையில் தேங்காய் வாங்கி, ஓட்டில் துளையிட்டு, அதற்குள் காகித உருண்டைகளைத் திணித்து வைக்கிறோம். சூலு பெண்கள் கூடை முடையும் இலாலா பனை ஓலையைச் சாயம் ஏற்றாத நிலையில் கேட்டு வாங்கி, என் மாமியார் தன் சிறு வயதில் கற்ற ஓலைக் கிலுகிலுப்பையைப் பின்னித் தருகிறார். உள்ளே கல்லுக்குப் பதிலாக உலர்ந்த சோளமணிகளைப் போடுகிறோம். கடையில் வாங்கிய எந்த நெகிழிப் பொம்மையையும் முத்து இவ்வளவு ஆவலுடன் தொட்டதில்லை.

கடித்துத் துப்புவதற்கான மரத்துண்டுகளைச் சரக்குப் பலகைகளிலிருந்து அறுக்கிறோம். துறைமுக நகரமாதலால் இவை எங்கும் கிடைக்கின்றன. பலகையில் எச்.டி. (HT) என்ற முத்திரை இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது, எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது. இரண்டாவதையும், முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் நாங்கள் தொடுவதில்லை.

எங்கள் மரத்திலும் குறைகள் இல்லாமல் இல்லை. சிறு கிளைகளின் பட்டையை முத்து ஆறு வாரத்தில் உரித்து முடித்துவிடுவதால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. கரடுமுரடான பட்டையில் ஒட்டிய எச்சத்தைத் தேய்த்து எடுப்பது, வார்னிஷ் பூசிய கம்பைத் துடைப்பது போல எளிதன்று. வாரத்தில் ஒரு மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் இதைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் கம்புகளை மாற்றிய இரண்டாம் மாதத்தில் முத்துவின் பாதத்தில் பழைய சொரசொரப்புத் திரும்பிவிட்டது. மருத்துவரும் பார்த்து உறுதிசெய்தார்.

கடையின் மரத்துக்கு முழுமையாக ஐந்தில் இரண்டு மதிப்பெண் தருவேன். அடித்தளத்துக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நான்கரை. அடித்தளத்தையும் தட்டையும் தனியாக விற்பீர்களா என்று கடையில் கேட்டேன். கணக்குப் பார்த்து 1,400 ராண்டுக்குத் தரலாம் என்றார்கள். வாங்குபவர்கள் அப்படியே கேட்டு வாங்குங்கள்; கிளைகளுக்கு எங்கள் கொய்யா மரம் இன்னும் நிறைய வைத்திருக்கிறது, சாட்ஸ்வர்த் பக்கம் இருப்பவர்கள் ரம்பத்தோடு வரலாம்.