பறக்காத விமானமும் பாக்கித் தொகையும்: முக்திநாத் யாத்திரைச் சேவை

என் பெற்றோரான அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் சாந்தி கல்யாணம் (மணிவிழா) முடிந்த கையோடு, நூற்றெட்டுத் திருப்பதிகளுள் சாளக்கிராமம் எனப் போற்றப்படும், நேபாளத்திலுள்ள முக்திநாத்தைச் சேவித்துவர, காரைக்குடியில் இயங்கும் ஒரு யாத்திரை நிறுவனத்தில் மே மாதப் பயணத்துக்குப் பதிவு செய்தோம். சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உடன் வந்த சமையற்காரர் போக்ராவிலும் வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார், அது போதும். இச்சேவையை நான் மதிப்பிடுவது ஒரே ஒரு காலைப்பொழுதை வைத்துத்தான்.

போக்ராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகிலுள்ள ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம். ஆனால் அது, தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கில், விமானி மலையைக் கண்ணால் பார்த்தே ஓட்ட வேண்டிய தடம். வெயில் ஏற ஏற வடக்கேயுள்ள மேட்டுநிலம் சூடாகி, தெற்கிலிருந்து காற்றை அந்த இடுக்கு வழியாக இழுப்பதால், முற்பகலிலேயே ஜோம்சோமில் காற்று சீறத் தொடங்கிவிடும். மேகம் கலையட்டும் என்று காத்திருந்தால் காற்று வந்துவிடும். காற்றுக்கு முந்திக் கிளம்பினால் மேகத்துக்குள் மலை மறைந்திருக்கும். இதே தடத்தில் 2016 பிப்ரவரி 24 அன்று தாரா ஏர் நிறுவனத்தின் டுவின் ஓட்டர் விமானம் மலையில் மோதி 23 பேரும், 2022 மே 29 அன்று அதே நிறுவனத்தின் அதே வகை விமானம் மோதி 22 பேரும் இறந்தனர். பின்னதை ஆராய்ந்த குழு, விமானம் மேகத்துக்குள் வழி விலகியபோது, மலை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று கண்டறிந்தது.

விடியுமுன் நிலையத்துக்குப் போன எங்களிடம் எட்டரை மணிக்கு, விமானம் இல்லை என்றார்கள். போக்ராவில் துளி மழை இல்லாததால் எங்கள் குழுவில் சிலர் சத்தம் போட்டனர். நானும் முணுமுணுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உடன் வந்த மேலாளரோ, “இங்க வெளிச்சந்தான் ஐயா, வழியில கோரேபானிப் பக்கம் மேகம் மூடிக்கிடக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மறுபேச்சின்றி ஜீப்புகளைப் பிடிக்கப் போனார். அந்தப் பிடிவாதத்துக்காகவே இந்த நிறுவனத்தைப் பரிந்துரைக்கிறேன். பேனி, தாத்தோபானி வழியாகச் செல்லும் மண்சரிவுச் சாலையும் அச்சமற்றதன்று. ஆத்தாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆயினும் மறுநாள் பெருமாள் சேவை கிடைத்தது.

குறையும் உண்டு. விமானம் உறுதியில்லை என்பதைப் பதிவின்போதே சொல்லாமல், துண்டறிக்கையின் கடைசியில் பொடியெழுத்தில் போட்டிருக்கிறார்கள். இத்தகைய தடத்துக்கு ஒரு நாளாவது கூடுதலாக ஒதுக்காதது திட்டமிடலின் பிழை. போகிறவர்கள் அந்த உபரி நாளைக் கேட்டு வாங்குங்கள், டிக்கெட் பணம் எப்போது திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. அதிலும் ஜீப் வாடகை போக வரவேண்டிய ஆயிரத்து இருநூறு ரூபாய் இன்னும் பாக்கி.