கோவையா, சென்னையா, பெங்களூரா: கச்சேரிக்கு டிக்கெட் போடும் முன்

இசை நிகழ்ச்சி அறிவிப்பு வந்ததும் எல்லோரும் முதலில் டிக்கெட் விலையைத்தான் பார்ப்பார்கள். கொங்குப் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு வண்டி இருக்கிறதா? திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. ஆக மைதானக் கச்சேரி பத்து மணியை ஒட்டி முடியும். கூட்டம் கலைந்து ரோட்டுக்கு வரப் பதினொன்று ஆகிவிடும். அந்தப் பதினொரு மணியை வைத்துத்தான் மூன்று ஊரையும் எடை போடுகிறேன்.

கோவை

இங்கே பெரிய நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் அவிநாசி ரோட்டை ஒட்டிய கொடிசியா கண்காட்சி வளாகம்தான். ஏர்போர்ட் பக்கம் இருப்பதால் திருப்பூர், ஈரோடு, சேலம்காரர்கள் ஊருக்குள் நுழையவே வேண்டியதில்லை. காந்திபுரத்தில் கிளம்பும் அவர்கள் ஊர் பஸ்கள் இந்த ரோட்டில்தான் போகும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்துவிட்டது. தூரத்து பஸ் மேலே ஏறிவிட்டால் கீழே கை காட்டி நிற்பதில் பலன் இல்லை. வரும்போதே கண்டக்டரிடம் "ராத்திரி எங்கீங்க நிக்கும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிக்காரர்கள் நிலைமை வேறு. பஸ்ஸுக்கு உக்கடம் வரை ஊரையே குறுக்கே தாண்ட வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் அதே பாடுதான். இவர்கள் நாலு பேராகச் சேர்ந்து கார் எடுப்பது மேல். காரை உள்ளே ஆழத்தில் நிறுத்தாமல், கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை என்று வெளியேறும் வாசல் பக்கமே முகம் பார்த்து நிறுத்துங்கள். முடிந்தபின் ஆயிரம் வண்டி ஒரே வாசலில் முட்டி நிற்கும்.

கிழமையும் முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் கணக்கு முடித்து, சம்பளம் வாங்கி, அவிநாசி வழியாக வந்து சேர்வதற்குள் நாலு பாட்டு போயிருக்கும். ஞாயிறு நிகழ்ச்சி என்றால்தான் திருப்பூர்க்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம்.

சென்னை

போவது சுலபம். காலை 6 மணிக்குக் கோவையில் வந்தே பாரத் ஏறினால் மதியம் 12-க்குள் சென்ட்ரல். திரும்புவதில்தான் சிக்கல். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணி வாக்கில் கிளம்பும், சேரன் 10 மணி வாக்கில். கடைசி அரை மணியில்தான் எல்லோரும் காத்திருந்த பாட்டு வரும். அதை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவதற்கா 500 கிலோமீட்டர் போவது? ஈரோடு, சேலம்காரர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் அதற்கும் பிந்திக் கிளம்புவதால் கொஞ்சம் தெம்பு உண்டு. மற்றவர்கள் ஒரு ராத்திரி அறை போட்டே ஆக வேண்டும்.

இடம் எது என்பதைப் பொறுத்து சென்னைக் கணக்கு தலைகீழாக மாறும். நேரு ஸ்டேடியம் என்றால் சென்ட்ரலில் இருந்து நடக்கிற தூரம். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ, வண்டி மாறாமல் சென்ட்ரல் வரலாம். 2025 பிப்ரவரி 5 அன்று ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் பாடியது அங்கேதான். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். 2023-இல் அந்த ரோட்டில் உள்ள பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சி ஆகஸ்ட் 12-இல் மழையால் நடக்கவில்லை. செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கோ டிக்கெட் கையில் இருந்தவர்களே நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று பிறகு ரஹ்மான் தரப்பில் கேட்டார்கள். சரி, டிக்கெட் காசு திரும்பி வரலாம். ரயில் காசும் அறை வாடகையும் போட்ட லீவும் வருமா? அதனால் வெளியூர் நிகழ்ச்சிக்கு ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. தட்கலுக்கு முந்தின நாள் காலை ஏசி 10 மணி, மற்றவை 11 மணி. ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை அன்று காலையில் உட்கார்ந்து செய்ய நேரம் இருக்காது.

பெங்களூர்

சேலத்தில் இருந்து பெங்களூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், சென்னை 340. தர்மபுரிக்கு இன்னும் கிட்டம். வெளிநாட்டுப் பாடகர் என்றால் இந்தப் பக்கத்துக்காரர்கள் சென்னையை நினைக்கவே வேண்டாம். அதே எட் ஷீரன் சென்னையில் ஒரு நாள் பாடினார், பெங்களூரில் இரண்டு நாள். இரண்டு நாள் நடந்தால் இரண்டாம் நாளுக்கு எடுங்கள். முதல் நாள் போனவர்கள் வாசல், பார்க்கிங், சாப்பாடு பற்றி எல்லாம் எழுதியிருப்பார்கள்.

தொல்லை என்னவென்றால் அவர் பாடிய நைஸ் மைதானம் ஊரின் வடமேற்கே தும்கூர் ரோட்டில் இருக்கிறது, நமக்கு பஸ் பிடிக்க வேண்டியதோ தெற்கே ஓசூர் ரோட்டில். 2024 நவம்பர் முதல் மாதவாரா வரை மெட்ரோ வந்துவிட்டதால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் சில்க் போர்டு வரை வரலாம். கடைசி வண்டி நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு ஆம்னி பஸ் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காரில் போகும் சத்தி, கோபிக்காரர்கள் திம்பம் மலைப்பாதை வழியாக ராத்திரி திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம். 2022 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை.

எந்த டிக்கெட்?

மலிவு வரிசையில் முன்னால் இருப்பதா, விலை கூடின வரிசையில் பின்னால் இருப்பதா? நான் மலிவில் முன்னால் என்பேன், நாற்காலிக்கு எண் இல்லாமல் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று இருந்தால். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு மூங்கில் தடுப்பு, அவ்வளவுதான். காதுக்கு நல்ல இடம் எது தெரியுமா? மைதானத்தின் நடுவில் கூடாரம் போட்டு ஒலி கலவை மேசை வைத்திருப்பார்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்கு வருவதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். அவருக்கு முன்னாலோ பக்கத்திலோ உட்கார்ந்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். மேடையை ஒட்டிய விலை உயர்ந்த ஓரத்தில் ஸ்பீக்கர் நெஞ்சில் இடிக்கும், பாட்டின் வரி புரியாது. முகம் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்றால் அது வேறு விஷயம், தாராளமாக முன்னால் போங்கள்.

நின்று பார்க்கும் பகுதி கல்லூரிப் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவை அழைத்துப் போனால் எண் போட்ட நாற்காலி, அதிலும் வரிசையின் ஓரம். கழிப்பறைக்குப் போக எத்தனை பேர் முட்டியைத் தாண்ட வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

விலையைப் பார்க்கும்போது 500 ரூபாய்க்கு மேல் போனால் 18% ஜிஎஸ்டி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய் அடிப்படை விலை என்றால் வரியே 360, அதற்கு மேல் ஆப்பின் கட்டணம்.

வாட்ஸ்அப்பில் "எக்ஸ்ட்ரா ஒரு டிக்கெட் இருக்கு" என்று வருவதைத் தெரிந்தவரிடம் தவிர வாங்காதீர்கள். ஒரே க்யூஆர் படத்தை நாலு பேருக்கு விற்றால் முதலில் ஸ்கேன் செய்தவர்தான் உள்ளே போவார். 2025 ஜனவரியில் நடந்த கோல்ட்பிளே இசைக்குழு நிகழ்ச்சிகளுக்கு முன்னால், வெளித் தளங்களில் விற்கும் டிக்கெட் செல்லாது என்று டிக்கெட் விற்ற புக்மைஷோ தளமே அறிவித்தது. தெரிந்தவரிடம் வாங்கினாலும் படமாக வாங்காமல், ஆப்பில் பெயர் மாற்றி அனுப்பும் வசதி இருந்தால் அதன் வழியாகவே வாங்குங்கள். வாசலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் நெட் தேடும், டவர் திணறும். கொடிசியா போகிற வழியில் சிக்னல் இருக்கும்போதே டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.