காசு கொடுத்து வாங்கிய பேர்சனல் ஸ்டேட்மென்ட்

வெளிநாட்டில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, பேர்சனல் ஸ்டேட்மென்ட் (ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தோடு நாமே எழுதிக் கொடுக்கும் கட்டுரை) எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். ஒரு வருடம் போய்விட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டடமொன்றின் மாடியில் இருக்கும் கல்வி ஆலோசனை நிலையம் அது. பிரித்தானியாவில் நீர் முகாமைத்துவம் படிக்க வேண்டும் என்று போனேன். 35,000 ரூபா கட்டினேன். அங்கிருந்த அண்ணாவிடம் ஒரு மணி நேரம் என் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மாமி வீட்டுக் கிணற்றில் அள்ளிய வாளியில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதந்ததை, குடிதண்ணீருக்காக மாமி குடத்தோடு பவுசரை எதிர்பார்த்து நின்றதை, நான் இந்தத் துறைக்கு வந்ததே அதனால்தான் என்பதை. "அதெல்லாம் வேண்டாம் தங்கச்சி, அவர்களுக்குப் பிடித்த மாதிரி நாங்கள் எழுதுகிறோம்" என்றார்.

இறுதித் திகதிக்கு முதல்நாள் இரவுதான் கையில் தந்தார்கள். வயல் வரப்பில் தாத்தாவின் விரலைப் பிடித்து நடந்தபோது எனக்குத் தண்ணீர் மீது ஆர்வம் பிறந்ததாம்! நான் கொழும்பு நகரத்துக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாற்றி எழுத நேரமில்லாமல் அப்படியே அனுப்பினேன். அந்தத் தவறு என்னுடையது.

வேறொரு விண்ணப்பத்தோடு ஒத்துப்போகிறது என்று பல்கலைக்கழகம் நிராகரித்துவிட்டது. பிறகு விசாரித்தால், என்னோடு படித்த ஒருத்திக்கும் அதே மாடி, அதே வரப்பு, அதே தாத்தா. அவள் கேட்டதோ விவசாயப் பொருளியல்.

இது கண்டுபிடிக்க முடியாத விடயமில்லை. பிரித்தானியாவில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007இல் 50,000 இளமாணி விண்ணப்பங்களைச் சோதித்தபோது, எட்டு வயதில் பைஜாமாவை எரித்துக்கொண்ட ஒரே கதை 234 பேருடையதில் இருந்தது. அப்போதே பிடித்துவிட்டார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "மாதிரிதானே தந்தோம்" என்றார்கள். பற்றுச்சீட்டில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது. அதை அன்றே வாசித்திருக்க வேண்டும். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்திருக்கிறேன்.

இந்த வருடம் நானே எழுதுகிறேன், வாளியிலிருந்து தொடங்கி. இலக்கணத்தை மட்டும் ஆங்கில ஆசிரியையான அக்கா ஒருவர் பார்த்துத் தருகிறார்.

வெள்ளவத்தையில் எழுதி வாங்கியவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். அந்த வரப்புப் பந்தியை அனுப்பிவைக்கிறேன். உங்களுடையதிலும் இருக்கிறதா என்று விண்ணப்பிக்க முன்னர் பாருங்கள்.