பட், ஆல்தோ, ஹவெவர்: எந்த இணைப்பு எங்கே பொருந்தும்?

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நீள வாக்கியம் லீவ் லெட்டரில்தான் இருக்கும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு கம் டு ஸ்கூல்.’ அந்த ‘ஆஸ்’ அங்கே என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினோம், அவ்வளவுதான். ஆனால் அது சரியான இடத்தில் உட்கார்ந்த சரியான சொல். காய்ச்சல் பின்னணி, பள்ளிக்கு வர முடியாது என்பதே சேதி. பின்னணியை முன்னால் வைத்து, சேதியைப் பின்னால் கொண்டுவர ‘ஆஸ்’ நன்றாக உதவுகிறது.

அப்புறம் மேல் வகுப்புக்குப் போனதும் ஒரு பட்டியல் கைக்கு வந்தது. பட், ஆல்தோ, ஹவெவர், நெவர்தலெஸ் எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆனால், இருந்தாலும்’ என்று ஒரே பொருள். ஆல்சோ, மோர்ஓவர், ஃபர்தர்மோர் எல்லாவற்றுக்கும் ‘மேலும்’. ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் கடிதங்களையும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர்களின் கட்டுரைகளையும் பல வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். காலப் பிழை, எழுத்துப் பிழையைவிட இந்த இணைப்புகளில்தான் என் பேனா அதிகம் நிற்கிறது. அதனால் அடிக்கடி குழம்பும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

மூன்று ‘ஆனால்’கள்

வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறை சின்னது. ஆனால் சுத்தமாக இருக்கிறது.

‘த ரூம் இஸ் ஸ்மால், பட் இட் இஸ் க்ளீன்.’ இது பட். இரண்டு பக்கமும் முழு வாக்கியம், இரண்டுக்கும் சம மரியாதை. இருந்தாலும் கடைசியாகச் சொன்னதுதான் மனதில் தங்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ‘த ரூம் இஸ் க்ளீன், பட் இட் இஸ் ஸ்மால்.’ முதல் வாக்கியத்தைச் சொன்னவர் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். இரண்டாவதைச் சொன்னவர் வேறு அறை தேடப் போகிறார். தகவலில் ஒரு வித்தியாசமும் கிடையாது, வரிசை மட்டும்தான் மாறியது. பட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘ஸ்மால் பட் க்ளீன்’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிடலாம். ஹவெவரால் இப்படிச் சுருங்க முடியாது.

‘ஆல்தோ த ரூம் இஸ் ஸ்மால், இட் இஸ் க்ளீன்.’ இங்கே சம மரியாதை இல்லை. ஆல்தோ ஒட்டிய பகுதி ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. ‘சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய விஷயமில்லை’ என்ற தொனி. தமிழில் ‘-ஆலும்’ செய்கிற வேலை இதுதான்: அறை சின்னதாக இருந்தாலும் சுத்தமாக இருக்கிறது. வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. நமக்கு இணைப்பு வால் பக்கம் வரும், ‘இருந்தாலும்’ என்று. ஆங்கிலத்தில் தலைப் பக்கம். தமிழில் ‘-ஆலும்’ பகுதி பெரும்பாலும் முதலில் வரும் என்பதால், நம்மவர்கள் ஆல்தோவையும் எப்போதும் வாக்கியத் தொடக்கத்திலேயே வைக்கிறார்கள். ‘இட் இஸ் க்ளீன், ஆல்தோ இட் இஸ் ஸ்மால்’ என்று பின்னால் வைப்பதும் இயல்பான ஆங்கிலம்தான். முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டு, ஒரு சின்ன குறையைப் பின்னால் ஒட்டிவிட இது நல்ல வழி.

ஆல்தோ போட்டுவிட்டு நடுவில் பட்டையும் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ‘ஆல்தோ த ரூம் இஸ் ஸ்மால், பட் இட் இஸ் க்ளீன்.’ பேச்சில் நாமும் சில சமயம் ‘சின்னதா இருந்தாலும், ஆனா சுத்தமா இருக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். எழுத்தில் அந்த ‘ஆனால்’ துருத்திக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்திலும் அப்படியே. இரண்டில் ஒன்று போதும்.

இனி ஹவெவர். இதன் பொருள் பட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, இலக்கணம் முற்றிலும் வேறு. பட் ஓர் ஒட்டு, இரண்டு வாக்கியங்களைப் பிணைக்கும். ஹவெவர் பிணைக்காது. தன் வாக்கியத்துக்குள் நின்றுகொண்டு, முந்தைய வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்க மட்டும் செய்யும். அதனால் ‘த ரூம் இஸ் ஸ்மால், ஹவெவர் இட் இஸ் க்ளீன்’ என்று காற்புள்ளி போட்டு எழுதினால் தவறு. ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் ஒரு காற்புள்ளி வேண்டும். தமிழில் காற்புள்ளி கொஞ்சம் தாராளமாகவே புழங்குவதால், இந்தப் பிழை நம் கண்ணில் சுலபமாகப் படுவதில்லை.

ஹவெவரின் உண்மையான அழகு வேறிடத்தில் இருக்கிறது. பட் நின்ற இடத்தை விட்டு நகராது. ஹவெவர் நகரும். ‘த ரூம் இஸ் ஸ்மால். த கிச்சன், ஹவெவர், இஸ் பிக்.’ எழுவாய்க்குப் பின்னால் வந்து நின்றதும், அழுத்தம் முழுக்க சமையலறை மேல் விழுகிறது. இதைத் தமிழில் ஒற்றை எழுத்தில் செய்துவிடுகிறோம்: அறை சின்னது, சமையலறையோ பெரியது. அந்த ‘ஓ’தான் நடுவில் வரும் ஹவெவர். இதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு மாணவியின் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு அவர் ஹவெவரைத் தப்பான இடத்தில் வைத்ததே இல்லை.

மூன்றில் எது என்றால், என் தீர்ப்பு இதுதான். சந்தேகம் வந்தால் பட். ஒரு பக்கத்தைத் தாழ்த்திச் சொல்ல வேண்டுமா, ஆல்தோ. பேச்சின் பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்புகிறதா, ஹவெவர், அதுவும் தாளில் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற அளவில். ‘பட், அண்ட் என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது’ என்று பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு இலக்கண விதி கிடையாது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் ஆதியாகமத்தில் இரண்டாம் வசனமே ‘அண்ட்’ என்றுதான் தொடங்குகிறது. நல்ல ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தால் வாக்கியத் தொடக்கத்தில் பட் நிறையக் கிடைக்கும். அலுவலகத்தில் மிகச் சம்பிரதாயமான கடிதம் என்றால் மட்டும் கொஞ்சம் கவனித்துப் போடுங்கள்.

ஆல்தோவின் உறவினர் டிஸ்பைட் பற்றி ஒரு வரி: அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும், ‘ஆஃப்’ வரவே வராது. ஆஃப் வருவது இன் ஸ்பைட்டுக்கு.

மறுபுறமா, மாறாகவா?

ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் த கான்ட்ரரி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். தமிழில் யோசித்தால் குழப்பமே வராது. சென்னையில் வாடகை அதிகம், மதுரையில் குறைவு. இரண்டும் உண்மை, இரண்டும் அருகருகே நிற்கின்றன. இது ‘மறுபுறம்’, அதாவது ஆன் தி அதர் ஹேண்ட். ‘அவர் கோபக்காரர் இல்லை. மாறாக, ரொம்பப் பொறுமைசாலி.’ இங்கே முதலில் ஒன்றை மறுக்கிறோம், பிறகு அதற்கு நேரெதிரானதை வைக்கிறோம். இது ஆன் த கான்ட்ரரி. தமிழில் ‘மாறாக’ உட்காருகிற இடமா என்று பாருங்கள். உட்கார்ந்தால் கான்ட்ரரி, இல்லையென்றால் அதர் ஹேண்ட்.

காரணம் சொல்லும்போது

லீவ் லெட்டரின் ‘ஆஸ்’, அதன் உறவினர் ‘சின்ஸ்’, அப்புறம் ‘பிகாஸ்’. படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தையோ, பெரிதாக்க விரும்பாத காரணத்தையோ ஆஸும் சின்ஸும் முன்னால் வைக்கும். காரணமே சேதி என்றால் பிகாஸ். ‘ஏன்?’ என்று ஒருவர் கேட்டால் பதில் பிகாஸில்தான் தொடங்கும், ஆஸில் தொடங்காது. ஆஸுக்கும் சின்ஸுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டுக்கும் காலப் பொருளும் இருப்பதால், ‘சின்ஸ் ஹி லெஃப்ட்’ என்றால் அவர் போனதாலா, போனதிலிருந்தா என்று படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். தடுமாற்றம் வரும் இடத்தில் தயங்காமல் பிகாஸ் போடுங்கள்.

பிகாஸில் தமிழர்களுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ‘நான் நேற்று வரவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்.’ தமிழில் இரண்டும் தனித்தனி வாக்கியங்கள், ஒரு குறையும் இல்லை. இதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்.’ என்று எழுதினால், இரண்டாவது பாதி வாக்கியமாக அந்தரத்தில் தொங்கும். தமிழின் ‘ஏனென்றால்’ தனியாக நிற்கும், பிகாஸ் எழுத்தில் தன் முதன்மை வாக்கியத்தை விட்டு நிற்காது. நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

சோ, தேர்ஃபோர் இணைக்குப் பெரும்பாலும் பட், ஹவெவர் கதையேதான். சோ ஒட்டும், தேர்ஃபோர் ஒட்டாது. தேர்ஃபோருக்குக் கூடுதலாக ஒரு கடமையும் இருக்கிறது: முன்னால் சொன்னதிலிருந்து பின்னால் சொல்வது வந்தே ஆக வேண்டும் என்று அது உறுதி கொடுக்கிறது. ‘மழை பெய்தது, சோ டீ குடித்தேன்’ சரி. அங்கே தேர்ஃபோர் போட்டால், மழைக்கும் டீக்கும் என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும்.

‘மேலும்’ என்ற ஒரே சொல்

மோர்ஓவர், ஃபர்தர்மோர் இரண்டும் நம் கட்டுரைகளில் தேவைக்கு மேல் வருவதற்கு அகராதிதான் காரணம் என்று நினைக்கிறேன். ‘மேலும்’ என்பது தமிழில் அடுத்த செய்தி எதுவானாலும் சொல்லலாம். மோர்ஓவர் அப்படியல்ல. ஒரு வாதம் நடந்துகொண்டிருக்க வேண்டும், புதிதாக வருவது அதே வாதத்தை இன்னும் பலமாக்க வேண்டும். ‘அது மட்டுமல்ல, இதையும் கேளுங்கள்’ என்கிற வேகம் அதில் இருக்கிறது. ‘எனக்குக் கணினி தெரியும். மோர்ஓவர், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்று எழுதினால் தங்கை எதற்கு வந்தாள் என்று புரியாது. வெறுமனே இன்னொன்றைச் சேர்க்க ஆல்சோ போதும், பல இடங்களில் அண்ட் போதும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய அந்தக் கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பெண். அவற்றில் ஒன்று கருத்துகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது. இதைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்த அளவுகோலின் விளக்கத்தைப் படித்தால், இயந்திரத்தனமான இணைப்பு நடுவாந்தர மதிப்பெண்ணிலேயே நின்றுவிடுகிறது. உச்ச மதிப்பெண்ணுக்கு, இணைப்பு இருப்பதே மிக அரிதாகத்தான் கண்ணில் பட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் நெற்றியிலும் ஒரு பெரிய சொல்லை ஒட்டிவைப்பது அதற்கு நேர் எதிர் வேலை.

இணைப்புச் சொல்லே இல்லாமல்

மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று ஆராய்ந்து 1976-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்த வகைகள் ஐந்து. சுட்டிச் சொல்வது, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்துவது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, இணைப்புச் சொல் போடுவது, ஒரு சொல்லையோ அதன் உறவுச் சொல்லையோ திரும்பக் கொண்டுவருவது. நாம் பட்டியல் போட்டுப் படிக்கும் இணைப்புச் சொற்கள் ஐந்தில் ஒன்று மட்டும்தான். மீதி நான்கையும் வகுப்பறையில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அதிலும் நமக்குக் கூச்சமே வேண்டாத ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கினால் அதை அந்தாதி என்கிறோம். நல்ல ஆங்கிலப் பத்தியும் பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. ஒரு வாக்கியத்தின் கடைசியில் வந்த புதுச் செய்தி, அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் பழைய செய்தியாக வந்து நிற்கும். அதே சொல்லாக வர வேண்டியதில்லை, ‘திஸ்’ போட்டு ஒரு பெயர்ச்சொல் சேர்த்தால் போதும்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதி என்னிடம் காட்டினார். அதன் ஓட்டம் இப்படி இருந்தது: மோட்டார் மே மாதம் பழுதானது. மோர்ஓவர், புது மோட்டார் வர மூன்று வாரம் ஆனது. ஃபர்தர்மோர், அதுவரை லாரித் தண்ணீர் வாங்கினோம். ஹவெவர், சங்கத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. தேர்ஃபோர், மாதப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துகிறோம்.

இதில் ஹவெவருக்கு வேலையே இல்லை. லாரித் தண்ணீர் வாங்கியதால்தான் பணம் தீர்ந்தது, இரண்டுக்கும் நடுவே எதிர்ப்பு எங்கே இருக்கிறது? மோர்ஓவரும் ஃபர்தர்மோரும் ஒன்றிலிருந்து ஒன்று விளைந்த சங்கதிகளைத் தனித்தனிக் குற்றச்சாட்டுகள் மாதிரி அடுக்கிவிட்டன. வாக்கியத் தொடக்கத்தில் இருந்த நான்கு இணைப்புகளையும் அடித்துவிட்டு, இருவரும் உட்கார்ந்து அந்தாதி போல் கோத்தோம். மோட்டார் மே மாதம் பழுதானது. ‘இட்ஸ் ரீப்ளேஸ்மென்ட்’ வர மூன்று வாரம் ஆனது. ‘திஸ் டிலே’ நம்மை லாரித் தண்ணீர் வாங்க வைத்தது. ‘திஸ் எக்ஸ்பென்ஸ்’ சங்கத்தின் கையிருப்பைக் கரைத்துவிட்டது, ‘சோ’ கட்டணத்தை உயர்த்துகிறோம், ‘பட்’ மூன்று மாதத்துக்கு மட்டும்.

இணைப்புச் சொல் என்று மிஞ்சியது ஒரு சோ, ஒரு பட். ‘ரொம்ப சாதாரணமா இருக்கே சார், பரவாயில்லையா?’ என்று செயலாளருக்குத் தயக்கம். பரவாயில்லை, அனுப்புங்கள் என்றேன். மறுநாள் போன் செய்தார். கட்டணம் ஏன் ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். மூன்று மாதம் எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.