யாழ்ப்பாணத்தில் செய்வித்த லேபலும் இணையத்தளமும்

நானும் தங்கையும் டொராண்டோவின் ஸ்காபரோவில் வறுத்த கறித்தூள் பொதி செய்து விற்கிறோம். இம்முறை ஊருக்குப் போயிருந்தபோது அதற்கான புதிய லேபலையும் ஒரு சிறிய இணையத்தளத்தையும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே தனியாகத் தொழில் செய்யும் ஒரு டிசைனரிடம் செய்வித்தேன். கூலி குறைவு என்பதற்காக ஊரில் வேலை கொடுப்பவர்கள் பலர் உள்ளனர். எனக்குத் தமிழ் எழுத்தே முதற் காரணம். டொராண்டோவின் தமிழ்க் கடைப் பலகைகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்பதையும், புள்ளி கழன்று தனி வட்டமாகக் கிடப்பதையும் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்து அமைப்பைத் தெரிவு செய்யாமல் தமிழை ஒட்டினால் இப்படி நேரும்; தமிழ் வாசிக்கத் தெரியாத டிசைனரின் கண்ணுக்கு அது பிழையாகவே படாது.

இந்தத் தம்பி அந்த வகையில் சுத்தமான வேலைக்காரர். ஆனால் வடக்கின் அச்சகங்களில் பழகிய பலரைப் போல அவரும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கிறார். அச்சுக்கு அதனால் குறைவொன்றும் இல்லை. இணையத்துக்கு அது உதவாது. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டிருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அதே வரி பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், கூகுளில் தேடுபவருக்கும் அகப்படாது. ஆகவே எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் தட்டச்சுச் செய்து தருமாறு கேட்டேன். "அக்கா, தலைப்பை மட்டும் பாமினியிலை விடுவம், நான் அதைப் படமா மாத்தித் தாறன், அந்த வளைவு யூனிகோடிலை கிடைக்காது" என்றார். அவர் வரைந்து காட்டிய 'கறித்தூள்' என்ற சொல்லைப் பார்த்தபின் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. மற்றவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துருவில் அமைந்தன.

கனடாவின் லேபல் விதிகளை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவற்றை எழுதிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. பொருளின் பெயரும் சேர்மானங்களும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும், நிறை கிராமில் இருக்க வேண்டும், எங்கள் கலவையில் சிறிது கடுகு சேர்வதால் அதனை ஒவ்வாமைப் பொருளாக வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அவர் முதலில் எடுத்த தமிழ் எழுத்துருவில் பிரெஞ்சு எழுத்துகளின் மேலுள்ள குறிகள் இல்லாததால் அந்த எழுத்துகள் வெற்றுப் பெட்டிகளாக வந்தன. பக்கத்தில் இருந்து பார்த்ததால் அதனை அப்போதே கண்டு திருத்த முடிந்தது. பிரெஞ்சு வாசகங்களை அவரிடமோ கூகுளிடமோ விடாமல், மொன்றியலில் உள்ள எங்கள் மச்சாளிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

காலம்தான் சற்று இழுபட்டது. அவருடைய வருமானத்தில் பெரும்பங்கு கோவில் திருவிழா நோட்டீசுகளிலும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களிலும் இருந்து வருகிறது. முப்பத்தோராம் நாளுக்கு உரிய கல்வெட்டை ஒரு நாளும் பிந்திக் கொடுக்க முடியாது. கறித்தூள் லேபல் காத்திருக்கலாம். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. விடுமுறையின் கடைசி வாரத்தில் போய் அவசரப்படுத்துபவர்கள் மட்டும் இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் இன்னும் கடினம்.

நான் விட்டுக்கொடுக்காமல் நின்ற விடயம் உரிமை. எங்கள் உறவினர் ஒருவரின் கடைத்தளத்தை முன்பு வேறொருவர் செய்து கொடுத்தபோது, டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தன் பெயரிலேயே பதிந்துவிட்டுப் பின்னர் தொடர்பில் இல்லாமற் போனதால், உறவினர் புதிய பெயரில் மறுபடி தொடங்க நேர்ந்தது. ஆகவே டொமைனையும், தளத்தை வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்கையும் என் மின்னஞ்சலிலும் என் அட்டையிலுமே எடுத்தேன். அவருக்கு, தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் வேலை செய்வதற்கான கணக்கு மட்டும் கொடுத்தேன். முற்பணமாகப் பாதியை அவருடைய வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு, மீதியை, பின்னர் திருத்தக்கூடிய இல்லஸ்ட்ரேட்டர் மூலக் கோப்புகளும் அச்சுக்கான பிடிஎப்பும் கைக்கு வந்த பின்னரே கொடுத்தேன். மூலக் கோப்பு என்றதும் சற்றுத் தயங்கினார். கேட்பவர்கள் குறைவாம். அதற்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தேன், அது நியாயமானதே.

லேபலை அச்சிட்டது டொராண்டோவில். எழுத்துகள் எல்லாவற்றையும் அவர் எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக மாற்றித் தந்திருந்ததால், தமிழ் தெரியாத அச்சகத்தாரின் கணினியிலும் ஒரு கொம்பும் இடம் மாறவில்லை. சிவப்பு மட்டும் திரையில் கண்டதை விட மங்கலாக வந்தது. மாதிரி அச்சு ஒன்றை எடுத்து அனுப்பியபின் நிற அளவைக் கூட்டித் தந்தார். கோடையில் யாழ்ப்பாணம் டொராண்டோவை விட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், இரவு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் திருத்தம் பெரும்பாலும் காலையில் முடிந்திருக்கும். இணையத்தளத்தில் விலை மாற்றுவது போன்ற சிறு வேலைகளைத் தங்கையே செய்கிறாள். பண்டிகைக் கால விளம்பரங்களுக்கு அவரிடமே கொடுக்கிறோம்.