பெர்சி ஜாக்சன்: முதல் ஐந்தா, அடுத்த ஐந்தா?

அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் கிரேக்கப் புராணத்தை வைத்துச் சிறுவர்களுக்கு எழுதிய நாவல் வரிசைகளான 'பெர்சி ஜாக்சன் அண்ட் தி ஒலிம்பியன்ஸ்' (2005–2009), 'தி ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்' (2010–2014) இரண்டிலும் அந்த ஆண்டுகளில் வந்தவை ஐந்தைந்து நூல்கள். பிள்ளைகளுக்கு எதை முதலில் தருவது? சந்தேகமே இல்லாமல் பழையதைத்தான்.

அதில் கதை சொல்பவன் பெர்சி ஒருவனே. தொடக்கத்தில் அவனுக்கு வயது 12, முடிவில் 16. தான் கடல் தெய்வம் பொசைடனின் மகன் என்பதே தெரியாமல் வளர்ந்தவன். அவன் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளும்போது படிப்பவரும் கற்றுக்கொள்வதால், கிரேக்கப் புராணம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்பது, பத்து வயதுக்குச் சரியாக இருக்கும்.

அடுத்த வரிசை கனமானது. நாயகர்கள் ஏழு பேர்; ஒருவர் மாற்றி ஒருவர் பார்வையில் அத்தியாயங்கள் நகரும். அதே தெய்வங்களின் ரோமானிய வடிவங்களும் வந்துவிடும்: ஏரிஸ் மார்ஸ் ஆவார், ஸியூஸ் ஜூபிடர் ஆவார். தெய்வங்களின் பிள்ளைகள் பயிற்சி பெறும், நியூயார்க்கின் லாங் ஐலண்டிலுள்ள கிரேக்க முகாமோடு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ரோமானிய முகாமும் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் தரலாம். முந்தித் தந்தால் பழைய வரிசையின் துரோகி யார் என்பது வீணாகப் போட்டு உடைபடும்.

பலர் கைவிடும் இடம் இந்த வரிசையின் முதல் நூலான 'தி லாஸ்ட் ஹீரோ'. அதில் பெர்சி தலைகாட்டுவதே இல்லை. அடுத்த நூலில் வருவான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாவது நூல் பெரும் நெருக்கடியின் நடுவில் நின்றுவிடும், ஆகவே நான்காவதையும் சேர்த்தே வாங்குங்கள். அந்த நான்காவது, 'தி ஹவுஸ் ஆஃப் ஹேடிஸ்', தொடும் ஆழம் பழைய வரிசையில் எங்குமே இல்லை.