மாலை நடையா, மாடியில் பந்தா?

நாய்க்கென்று தினமும் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், நடைக்கு அழைத்துப் போவதா, மொட்டை மாடியில் பந்து வீசுவதா? என் ஓட்டு நடைக்கு. கைபேசியில் பேசியபடி கயிற்றை இழுத்துக்கொண்டு போவது இதில் சேராது. மின்கம்பத்தடியில் அது மோப்பம் பிடிக்க நின்றால் நாமும் நிற்க வேண்டும். மனித மூக்கில் மோப்ப ஏற்பிகள் ஏறத்தாழ 60 லட்சம். நாய்க்கு 30 கோடி வரை. அவசரப்படுத்தினால் எப்படி? நடுநடுவே திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் முக்கியம். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவர் உடலிலும் பாசப் பிணைப்பை வளர்க்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் கூடுவதாக 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பந்தும் மட்டமில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் துரத்தல் இரத்தத்தில் ஊறியது. கயிற்றில் கட்டிய நடை மட்டும் அவற்றுக்குப் போதாது. ஆனால் விளையாடும்போது நாயின் கண் பந்தின்மேல்தான், நம்மேல் இல்லை. கொண்டுவந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொடுத்தால் அந்தக் குறை கொஞ்சம் தீரும்.

சித்திரை வெயிலில் மட்டும் என் தீர்ப்பு மாறும். தார்ச் சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மாடித் தளமும் அப்படித்தான் சுடும். கூடத்தில் பந்தை உருட்டுங்கள்.